மூன்றே நிமிஷ ஆஸ்பத்திரி

ஒரு காட்டில், மருந்து இருக்கிறதோ இல்லையோ, சுவர்க்கடிகாரம் மட்டும் பிசகாமல் ஓடுகிற ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதன் வேகத்தை அளந்து மார்க் போடும் அதிகாரி நிதானமூர்த்தி என்ற ஆமை. வேகத்தை அளக்க ஆமைதானா கிடைத்தது என்று கேட்காதீர்கள். நியமித்தது சிங்கம். அதனிடம் போய் யார் கேட்பது?

முன்பெல்லாம் அங்கே டாக்டர் கரடியைப் பார்க்க நாலு மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டும். நிதானமூர்த்தி ஒரே ஒரு விதி எழுதியது. காத்திருப்பை டோக்கன் வாங்கிய நிமிஷத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும். அந்த டோக்கனும் ஜன்னல்வரை நடந்து வந்து கைநாட்டு வைப்பவருக்குத்தான். ஜன்னலில் இருந்த அஞ்சலை கெட்டிக்காரக் குரங்கு. டாக்டர் அறை காலியானால்தான் ஜன்னலையே திறக்கும். காத்திருப்பு மூன்றே நிமிஷமாகிவிட்டது. வெளியே புங்கமரத்தடியில் முனகிக்கொண்டு கிடந்த கூட்டத்தை ஆமை தன் நோட்டில் 'இளைப்பாறுவோர்' என்று எழுதிக்கொண்டது. சிங்கம் அதற்குப் பொன்னாடை போர்த்தியது.

இந்த வருஷம் அளக்க வந்த ஆமை, வாசற்படியில் நின்று கடிகாரத்தைப் பார்க்கக் கழுத்தை நீட்டியது. அதிகமாக நீட்டிவிட்டது. படியிலிருந்து உருண்டு, வெயிலில் மல்லாந்து விழுந்தது. மல்லாந்த ஆமையால் தானாக எழுந்திருக்க முடியாது. உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் உயிர் போய்விடும்.

"அஞ்சலை, கொஞ்சம் திருப்பிப் போடும்மா."

"டோக்கன் இருக்கா சார்?"

"அந்த விதியை எழுதினதே நான்தான்."

"அதனாலதான் சார் பயமா இருக்கு. நடந்து வந்து கைநாட்டு வெச்சாத்தான் டோக்கன்."

"ஒரு நொடி வேலைம்மா. டோக்கன் இல்லாமத்தான் செய்யேன்."

"டோக்கன் இல்லாத வைத்தியத்துக்கு மார்க்கைக் குறைப்பீங்க. போன வருஷம் நரிக்குட்டிக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தேன், ரெண்டு மார்க் போச்சு. டாக்டர் என்னோட பேசறதையே விட்டுட்டார்."

"அப்ப எனக்கு என்னதான் வழி?"

"இளைப்பாறுங்க சார்," என்றது அஞ்சலை. கிண்டலில்லை. பாவம், அதற்கு வேறு வார்த்தை தெரியாது.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். நிதானமூர்த்திக்கு அடிவயிற்றில் சுட்டது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஊரார் பேசும்போதெல்லாம் சண்டைக்குப் போன தன் வாயை நினைத்து வெட்கப்பட்டது. மரத்தடியைப் பார்த்தது. மூன்று நாளாக முட்டிவலியோடு காத்திருந்த பொதியப்பன் என்ற கழுதை மெல்ல நொண்டிக்கொண்டு வந்தது.

"எங்களை இங்கே இளைப்பாற வெச்ச புண்ணியவான் நீங்கதானா?"

"நான்தாம்ப்பா. படிச்ச முட்டாள் நான்தான். மனசார ஒரு உதை விடு, எனக்கும் உபகாரமா இருக்கும்."

கழுதை தன் வலிக்காத காலைத் தேர்ந்தெடுத்து ஒரு உதை விட்டது. ஆமை இரண்டு குட்டிக்கரணம் போட்டு நாலு காலில் வந்து நின்றது. உயிர் பிழைத்தது.

இனி அந்த விதியைக் கிழித்துவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுவும் அப்படித்தான் நினைத்தது. கிழிக்கத்தான் நோட்டை எடுத்தது. ஆனால் பழகின கண் கடிகாரத்துக்குப் போனது, பழகின கை எழுத ஆரம்பித்தது. சிகிச்சை நேரம் அரை நொடி. டாக்டர் தேவைப்படவில்லை. மருந்து, படுக்கை எதுவும் செலவில்லை. நோயாளி பூரண குணம். மார்க் நூற்றுக்கு நூறு.

"நீ உருப்படவே மாட்டே," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே கையெழுத்தும் போட்டது.

அடுத்த மாதம் முதல் காட்டிலுள்ள ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு கழுதை நியமிக்கப்பட்டது. மரத்தடியில் கிடந்தவர்கள் அதைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்கு ஓடினார்கள். 'அனைவரும் குணம்' என்று நிதானமூர்த்தி எழுதிக்கொண்டது. இரண்டாவது பொன்னாடையும் வந்தது. பொதியப்பனின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. வேலை நேரத்தில் ஊழியர்களுக்கு டோக்கன் கிடையாதாம். ஆமையோ, தனக்குத் தலைவலி வந்தால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு வீட்டிலேயே படுத்துக்கொள்கிறது.

நீதி: ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உடம்பைச் சரிசெய்துகொண்டு போக வேண்டும், முடியாதவர்கள் மரத்தடியில் இளைப்பாறலாம்.