கதை பிழியும் டீச்சர்

கதையைக் கதையாக இருக்க விடாத ஓர் இனம் பள்ளிக்கூடங்களில் வாழ்கிறது. நீங்களும் அவர்களிடம் படித்திருப்பீர்கள். கடைசி வரியைக் கேட்ட பிள்ளைகளின் மூச்சு இன்னும் சீராகியிருக்காது, கதைக்குள் போனவர்கள் பாதி வழிகூடத் திரும்பி வந்திருக்க மாட்டார்கள், அதற்குள் புத்தகத்தைப் பட்டென்று மூடி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "சரி, இதுலேருந்து நாம என்ன கத்துக்கிட்டோம்?" என்று கேட்டுவிடுவார்கள். ஈரத்துணியைப் பிழிவது போலப் பிழிவார்கள். துணியாவது காய்ந்த பிறகு உடுத்த உதவும். இவர்கள் பிழிந்துபோட்ட கதையை யார் உடுத்துவது?

பல்கேரியாவில், டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி நெவேனா கிராலேவா. ஆறாம் வகுப்புக்குப் பல்கேரிய மொழியும் இலக்கியமும் எடுக்கிறவர். இருபத்தேழு வருஷமாகக் கதை சொல்லியே பாடம் நடத்துகிறார். அதில் அவருக்கு ஊரறிந்த பெருமை. வகுப்பறை அலமாரியில் கதைகள் நிறம் நிறமான அட்டைகளில் அடுக்கியிருக்கும். நேர்மைக்கு மஞ்சள், உழைப்புக்குப் பழுப்பு, பொறுமைக்குப் பச்சை. பல் துலக்க ஓநாய் வரும், தண்ணீரைச் சேமிக்க மீன் அழும், நூலகப் புத்தகத்தைத் தாமதமின்றித் திருப்பிக் கொடுக்க ஒரு கரடிக் குடும்பமே பாடுபடும். பின்னம் புரியாத பிள்ளைகளுக்காகக் கணக்கு ஆசிரியருக்குக்கூட ஒரு கதை எழுதிக் கொடுத்தார்: மூன்று சகோதரர்கள் ஓரம் கருகிய ஒரு ரொட்டியைப் பங்கிட்ட கதை.

"கருகின துண்டு யாருக்கு டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது கணக்குக்குத் தேவையில்ல. உக்காரு."

வீட்டிலும் இதே கதைதான். கணவர் அஸென் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். துப்பறியும் நாவல் என்றால் உயிர். ஒருநாள் நாவலை முடித்துவிட்டு நிம்மதியாக மூடிவைத்தார். நெவேனா பார்த்துவிட்டார்.

"என்ன கத்துக்கிட்ட அதுலேருந்து?"

"கொலை பண்ணப் போனா கையுறை போட்டுக்கணும்னு."

அன்றிலிருந்து அஸென் எந்த நாவலையும் மனைவிக்குத் தெரிந்து முடிப்பதில்லை. எப்போது கேட்டாலும் நடுவில் இருப்பார்.

இந்த மார்ச்சில் நெவேனாவின் வகுப்பைப் பார்க்கக் கல்வி அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. மாதிரி வகுப்பு. அவர் பெயர் கெனோவ், எல்லா வகுப்பிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறவர் என்பது பிரசித்தம். நெவேனா அசரவில்லை. பொறுமையைப் பற்றித் தானே ஒரு புதுக்கதை எழுதினார். அக்கா தங்கை இருவர், வீட்டில் ஒரே ஒரு குளிர்கோட்டு. வேலை தேடிப் போகும் அக்கா அதைப் போட்டுக்கொண்டு, வசந்தத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். வசந்தம் வருகிறது, அக்கா வரவில்லை. தங்கை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் காத்திருக்கிறாள். முற்றும்.

பதில்களையும் அவரே எழுதி, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, பத்து நாள் ஒத்திகை பார்த்தார். முத்தாய்ப்பான பதில் ரூஜா என்ற மாணவிக்கு. குரல் வளம் அப்படி. "பொறுமை மனிதனின் அழகு என்று இக்கதை நமக்கு உணர்த்துகிறது" என்று அவள் சொன்னால் மணி அடித்த மாதிரி இருக்கும்.

ரூஜாவின் அம்மா இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். போய் இரண்டு வருஷம். பிள்ளை வளர்வது சித்தி வீட்டில். இது நெவேனாவுக்குத் தெரியாதா? தெரியும். மதிப்பெண் புத்தகத்தில் சித்திதான் கையெழுத்துப் போடுகிறார். கதை எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். அட்டையின் நிறம்தான் ஞாபகத்தில் இருந்தது.

அந்த நாள் வந்தது. கெனோவ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தார். நெவேனா ஏற்ற இறக்கத்தோடு கதையைப் படித்து முடித்து, தன் கேள்வியைக் கேட்டு, ஒத்திகைப்படியே இரண்டு பதில்களை வாங்கிக்கொண்டு, ரூஜாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

ரூஜா எழுந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"டீச்சர், அக்கா ஏன் வரல?"

நெவேனா கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அது கதையில இல்லம்மா."

"இல்ல. அதனாலதான் கேக்குறேன்."

"பதிலைச் சொல்லு, ரூஜா."

அதற்குள் ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு குரல்: "காசு சேந்திருக்காது. வெறுங்கையோட எப்படி வர்றது?" இன்னொன்று: "அங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாளோ என்னமோ." முன் பெஞ்சிலிருந்து: "கோட்டு அவகிட்ட இருக்கு. அப்ப தங்கச்சி அந்தக் குளிர்காலம் பூரா எதைப் போட்டுக்கிட்டா?" இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வகுப்பு ஒரு கதையை நம்பிப் பேசியது. நெவேனா மேஜையைத் தட்டினார். யாருக்கும் கேட்கவில்லை. மணி அடித்தது. யாரும் எழவில்லை. கெனோவ் போனை எப்போதோ பைக்குள் போட்டிருந்தார்.

வேலை போயிற்று என்றே நெவேனா நினைத்தார். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. கெனோவ் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம், மேடம். பிள்ளைங்களே கேள்வி கேக்குற மாதிரி கதையை அந்த இடத்துல நிறுத்தினீங்க பாருங்க. இந்த முறைக்கு என்ன பேரு?"

இந்த இடத்தில் நல்ல மனிதர் ஒருவர் உண்மையைச் சொல்லியிருப்பார். நேர்மைக்கு அலமாரியில் நாற்பது மஞ்சள் அட்டை வைத்திருந்த நெவேனா சொன்னார்: "திறந்த முடிவு முறை. பல வருஷமா செய்யறேன்."

அன்று மாலை பீன்ஸ் சூப்பைக் குடித்தபடியே அஸென் முழுக்கதையும் கேட்டார். ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"அது சரி, அந்த அக்கா ஏன் வரல?"

"எனக்கென்ன தெரியும்?"

"நீதானே எழுதின?"

"பொறுமைக்கு எழுதின கதை அது, அஸென். அவ வந்துட்டா அப்புறம் பொறுமை எங்கேருந்து வரும்?"

அஸென் ஸ்பூனை எடுத்தார். சூப் ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார்.

ஈஸ்டர் வந்து போனது. ரூஜாவின் அம்மா வருவதாகச் சொல்லியிருந்தார். சித்தி அவருக்கும் சேர்த்துப் பண்டிகை முட்டைகளுக்குச் சாயம் போட்டு வைத்திருந்தார். அவர் வரவில்லை, பெட்டி ஒன்று வந்தது. அதில் ரூஜாவுக்கு ஒரு ஜோடி காலணி, அவள் காலுக்கு ஒரு அளவு சின்னது.

மே மாதத்தில் இரண்டாவது மாதிரி வகுப்பு. திறந்த முடிவு முறையைக் கற்றுக்கொள்ள இந்தத் தடவை சுற்றுவட்டாரத்திலிருந்து பதினான்கு ஆசிரியர்கள், மடியில் நோட்டோடு. நெவேனா மார்ச்சில் நடந்ததை வரிவரியாக எழுதி, "காசு சேந்திருக்காது" முதல் "எதைப் போட்டுக்கிட்டா" வரை அவரவர் சொன்னதை அவரவருக்கே கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்.

"ரூஜா, நீ எழுந்து கொஞ்ச நேரம் சும்மா நிக்கணும். அப்புறம் கேக்கணும். அன்னிக்கு மாதிரியே. அந்தக் குரல்லயே."

"சரி டீச்சர்."

கதை முடிந்தது. ரூஜா எழுந்தாள். சொன்னபடியே கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பதினான்கு பேனாக்கள் காத்திருந்தன.

"அக்கா ஏன் வரலன்னு எனக்குத் தெரியும் டீச்சர்," என்றாள். "அதனால இன்னிக்கு நான் கேக்கல."

உட்கார்ந்துவிட்டாள். அடுத்து "காசு சேந்திருக்காது" என்று சொல்ல வேண்டிய பிள்ளை வாயைத் திறக்கவில்லை. யாருமே திறக்கவில்லை. வகுப்பு முழுவதும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நெவேனாவுக்குப் புரிந்தது. அவரைக் கல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெஞ்சுவரை நடந்துபோய் பிள்ளையின் தலையில் கை வைத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. இரண்டு அடி எடுத்தும் வைத்தார். அப்போது பின்வரிசையில் ஓர் ஆசிரியை மெல்லக் கையைத் தூக்கினார்.

"மேடம், இந்த மௌனம் பாடத்திட்டத்துல இருக்கா?"

நெவேனா நின்றார். பதினான்கு முகங்களையும் பார்த்தார்.

"இருக்கு," என்றார். "ஒன்றரை நிமிஷம்."

பதினான்கு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

இவரைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நீங்கள் ஆசிரியர் இல்லை, உங்களிடம் அலமாரியும் இல்லை, அட்டையும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். போன பத்தியைப் படித்து முடித்ததும் அந்தப் பிள்ளை அன்று எப்படி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று யோசித்தீர்களா, அல்லது இந்தக் கட்டுரையாளர் என்ன சொல்ல வருகிறார் என்று மனதுக்குள் அழகாக ஒரு வரி தயார் செய்தீர்களா? இரண்டாவதுதான் என்றால் வாருங்கள், பின்வரிசையில் பதினைந்தாவது நாற்காலி காலியாக இருக்கிறது. நோட்டை மறக்காதீர்கள்.