கீபோர்டு இல்லாத ஒரு நிமிடம்

லிஃப்ட் ஓடவில்லை. பக்தர்களுக்கு மூன்று மாடி ஒரு பொருட்டா? மேசைக் கணினிகளைக் கைக்குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டம் படியேறியது.

மேலே வேகச்சாமி. கணினியின் மெமரிப் பட்டையைக் கம்பெனி எழுதிய வேகத்துக்கும் மேலே அருளால் ஓடவைப்பவர். கட்டணம் கிடையாது, காணிக்கைதான். குறைந்தால் முகம் மாறும். பட்டையைச் செம்புக் கம்பியால் மூன்று முறை தடவுவார். கணினியை ஆன் செய்துவிட்டு, "கண்ணை மூடுங்க, மெமரிக்குக் கூச்சம்" என்பார். ஒரு நிமிடம் கழித்துத் திரையில் வேக எண் ஏறியிருக்கும். கூட்டம் உருகும்.

நானும் கடவுளை நம்புகிறவன்தான். ஆனால் அவர் மெமரிப் பட்டைக்குள் கை விட்டதாக எங்கும் படித்ததில்லை.

அன்று ஒருத்தி அழாத குறையாக நின்றாள். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்பவள். அவள் கணினி அருள் பெற்ற பிறகு பதிவு செய்த பதினொரு பாடங்களும் கரகரத்துக் கெட்டுவிட்டன. திங்கட்கிழமை பரீட்சை. இவள் தொண்டையோ கட்டிப்போயிருந்தது.

"வீட்டுல யாரோ சந்தேகப்படுறாங்க தாயே. ரெண்டாவது அருள் வேணும். வேகத்தை மூவாயிரத்து இருநூறுக்கு ஏத்திடலாம்."

"சந்தேகப்படுறது நான்தான் சாமி." கையில் கிரீஸோடு வந்து நின்றாள் அவள் நாத்தனார். கீழே லிஃப்டைச் சரிசெய்துவிட்டு வந்த மெக்கானிக். "அண்ணி, பட்டையில என்ன எழுதியிருக்கு?"

"ரெண்டாயிரத்து நானூறு."

"இப்ப ஓடுறது மூவாயிரம். அதான் உளறுது." கீபோர்டைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இப்ப குடுங்க சாமி அருள்."

"கீபோர்டு எதுக்கு எடுக்கிறே?"

"கண்ணை மூடினா டக் டக்னு சத்தம் கேட்குதாமே. மெமரிக்குக் கூச்சம், விரலுக்கு இல்ல போல."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. மூவாயிரம் மூவாயிரமாகவே இருந்தது. சாமிக்கு மட்டும் வியர்வை ஏறியது.

கீபோர்டை மறுபடி மாட்டி, முன்வரிசையில் நின்ற குமாஸ்தா ஒருவரைக் கூப்பிட்டாள். "கணினியை அணைச்சுப் போடுறேன், எழும்போது இந்தப் பொத்தானை அழுத்துங்கண்ணே." வேகத்தை மாற்றும் அமைப்புப் பக்கம் வந்தது. குமாஸ்தா ஒரே விரலால் எண்ணை இரண்டாயிரத்து நானூறுக்கு இறக்கினார்.

"அட, எனக்கும் அருள் வருதே" என்றார்.

சாமியை அடிக்க யாரோ சட்டைக் கையை மடித்தார்கள். மெக்கானிக் குறுக்கே நின்றாள். "அடிச்சா பாடம் திரும்பி வருமா? சாமி, குரல் நல்லாத்தானே இருக்கு? உட்கார்ந்து பதினொண்ணையும் வாசிங்க."

அண்ணி அவருக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குனிந்த தலையோடு அறிவியல் பாடத்தைத் தொடங்கினார். பொய் சொல்லிப் பழகிய குரல் முதல் பக்கத்தில் கொஞ்சம் தடுமாறியது.

திரும்பும் கூட்டம் லிஃப்டில் முண்டியடித்தது. 'எட்டுப் பேர்' என்று எழுதியிருந்த பெட்டியில் பன்னிரண்டு பேர்.

"நாலு பேர் இறங்குங்க" என்றாள் மெக்கானிக்.

"அந்த எண்ணைக் கொஞ்சம் ஏத்திவிட முடியாதாம்மா?" என்றார் குமாஸ்தா.

"ஏத்தலாங்கண்ணே, பெயின்ட் இருக்கு. ஆனா லிஃப்டைத் தூக்குற கயித்துக்குப் படிக்கவோ யோசிக்கவோ தெரியாது. அந்த வேலை நம்மளுது."