ஆறாண்டை ஏழாண்டாக்கிய சில்லு

மின்சார வரலாற்றில் இரண்டே யுகங்கள்தான். நெய்வேலியில் பூமியைத் தோண்டி, பழுப்பு நிலக்கரியிலிருந்து மெகாவாட் கணக்கில் மின்சாரம் எடுத்தது முதல் யுகம். அதே நெய்வேலியில், ஒரு குவார்ட்டர்ஸின் கார் ஷெட்டில், இரண்டு மைக்ரோவாட்டை மிச்சம் பிடித்தது இரண்டாம் யுகம். அந்த இரண்டாம் யுகத்தின் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

எங்கள் 'குறைமின் கழக'த்தின் தலைமை வடிவமைப்பாளர் சக்கரபாணி. 2014இல் அவர் படைத்தது சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி. நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் 'சிப்' என்கிற சில்லு இதயத் துடிப்பைக் கவனித்து, கம்பியில்லாமல் செல்போனுக்கு அனுப்பும். சில்லு அச்சானது தைவானில். அது எப்போது விழித்திருக்க வேண்டும் என்ற ஞானம் மட்டும் முழுக்க முழுக்க உள்ளூர்ச் சரக்கு.

டில்லியில் இத்தகைய கருவிகளுக்கு ஒரு பரிசு அறிவித்தார்கள். நிபந்தனை: பேட்டரி ஏழாண்டு உழைக்க வேண்டும். எங்களுடையது கணக்குப்படி ஆறாண்டுதான் உழைக்கும். அவசரக் கூட்டம் கூட்டினோம். மூன்றாவது தட்டு பஜ்ஜியின்போது சக்கரபாணி எழுந்தார்.

"வீக்லி ஆஃப் குடுத்துருவோம்."

"யாருக்கு சார்?"

"சில்லுக்குத்தாங்க. வாரத்துல ஒருநாள் தூங்கினா ஆறு வருஷம் ஏழாயிடும். கணக்கு கரெக்டா வருதா?"

"எந்தக் கிழமை?"

"இதென்ன கேள்வி? ஞாயித்துக்கிழமை எவன் வேலைக்குப் போறான்? கறி எடுப்போம், சாப்பிடுவோம், படுப்போம். இதயமும் அன்னைக்கு ரெஸ்ட்லதான் இருக்கும்."

ஆட்சேபணையே இல்லை. கூட்டத்தில் இருந்த ஆறு பேருக்கும் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை, ஞாயிறு லீவு.

ஒருவர் ஒரு மாதம் அணிந்து காட்ட வேண்டும் என்பது பரிசின் அடுத்த நிபந்தனை. அந்தப் பாக்கியம் கலியம்மாளுக்குக் கிடைத்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து, கல்யாண மண்டபம் கழுவும் கான்ட்ராக்ட் வேலை. இரண்டு முறை வாளியோடு மயங்கி விழுந்திருக்கிறாள். ஈ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. "மயக்கம் வர்ற நேரத்துத் துடிப்பைப் பதிவு பண்ணிக் கொண்டாம்மா. அது நின்னு நின்னு ஓடுதுன்னா பேஸ்மேக்கர் வைக்க எழுதித் தரேன்" என்று கடலூர் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பதிவுக்காகத்தான் அவள் எங்கள் பொத்தானை ஒட்டிக்கொண்டாள்.

மாத முடிவில் அறிக்கை அச்சானது. 'துடிப்பில் குறையேதும் இல்லை. பேட்டரி நிலை: மிகச் சிறப்பு.' கைதட்டினோம்.

கலியம்மாள் தட்டவில்லை.

"நாலு தபா வுழுந்தேன் சார். ஒண்ணுகூட வர்லியா?"

"எப்ப விழுந்தே?"

"நாலும் ஞாயித்துக்கெழம. அன்னிக்குத்தான சார் முகூர்த்தம்? ரெண்டு பந்தி எலய எடுத்துப்போட்டு, மண்டபம் பூரா கழுவிகினு இருந்தேன், கண்ண இருட்டிகினு வந்துச்சு."

சக்கரபாணி வருத்தத்தோடு தலையசைத்தார். "அன்னைக்கு அதுக்கு லீவும்மா."

"லீவா?" அவள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்கே இல்லியே சார். அந்த வேலையாச்சும் எனக்கு வாங்கிக் குடுங்க."

கூட்டம் ரசித்துச் சிரித்தது. ஆனால் எங்கள் அறிக்கையின் 'சமூகப் பயன்' அதற்குள் தொடங்கிவிட்டது. கலியம்மாளின் கான்ட்ராக்டர் துரைராஜ் ஒரு பிரதி வாங்கிப்போய், அவளிடம், "குறையேதும் இல்லைன்னு மெஷினே சொல்லுது. இனிமே நடிக்காத. வர்ற ஞாயிறு ரெண்டு மண்டபம்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கலியம்மாள் ஷெட் வாசலில் நின்றாள். "ஒரே ஒரு ஞாயிறு அத்த முழிச்சிருக்கச் சொல்லுங்க சார். டாக்டர்கிட்ட காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துர்றேன்."

"முழிச்சா ஆறு வருஷம்தாம்மா. பரிசு போயிடும்" என்றார் சக்கரபாணி, தழுதழுத்த குரலில். அவர் இளகிய மனசுக்காரர்.

"அது ஏழு வருசம் இருக்கும் சார். நான் இருப்பனா?"

கழகம் இந்தக் கேள்வியைப் பொறுப்புடன் ஆராய்ந்தது. விண்ணப்பப் படிவத்தை நானே முன்னும் பின்னும் புரட்டினேன். 'பேட்டரியின் ஆயுள்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஏழாண்டு என்று அழகான கையெழுத்தில் நிரப்பி, செயலாளர் முத்திரையும் குத்தினேன். 'அணிபவரின் ஆயுள்' என்று கட்டமே இல்லை. டில்லிக்காரர்கள் மறந்திருக்கலாம். அவர்கள் கேட்டிருந்தால் நாங்கள் எதையும் மறைத்திருக்க மாட்டோம். அதையும் அதே அழகான கையெழுத்தில் நிரப்பியிருப்பேன்: 'வரும் ஞாயிறு வரை.'