தலைக்கடியில் இருந்த பணம்

இனி ஒரு காசு வெளியே விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். மேலிடத்தில் தினம் ஒரு பேச்சு. வட்டி ஏறும் என்றார்கள். இறங்கும் என்றார்கள். புது வரி என்றார்கள். மறுநாள், யோசிக்கிறோம் என்றார்கள். வங்கியில் இருந்ததை எல்லாம் துடைத்து எடுத்து வந்துவிட்டேன்.

"ஏங்க, அது தையல் மெஷினுக்குச் சேர்த்ததாச்சே!" என்றாள் மனைவி, இடுப்பில் பிள்ளையோடு. "குழந்தைச் சட்டை தைச்சா நாலு காசு வரும்ல?"

"மேல என்ன சொல்வாங்களோ. பணம் என் கையிலயே இருக்கட்டும்டி."

"ஊரே இப்படிக் கையில வச்சுக்கிட்டா உங்க மெத்தைய யாரு வாங்குவா? ரெண்டு மாசமா ஒரு ஆர்டர் இல்ல."

"உனக்குப் புரியாது."

நான் மெத்தை தைக்கிறவன். நோட்டுகளைத் தலையணைப் பஞ்சுக்குள் வைத்து, வாயை என் கைத்தையலால் மூடினேன். நாலு தையலுக்கு ஒரு முடிச்சு. வேறு யார் பிரித்துத் தைத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மத்தியானம் அதில் தலை சாய்த்தால் போதும். பஞ்சு மேகமாகிவிடும். நான் மிதப்பேன். கீழே வட்டியும் வரியும் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். முதல் வாரம் கொஞ்சம் உறுத்தியது. அப்புறம் பூ மாதிரி ஆகிவிட்டது. பணம் பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். மேகத்துக்குள் ஒரு ரயில்கூட வந்தது. தடதடவென்று, தாலாட்டு மாதிரி.

ஒரு நாள் சாயங்காலச் செய்தியில், வீட்டில் ரொக்கம் வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டியிருக்கலாம் என்றார்கள். ஓடிப்போய்த் தலையணையைக் கிழித்தேன்.

பஞ்சு. அதற்கடியில் பஞ்சு.

"பணம் எங்கடி?"

"அடுத்த வீட்டக்கா ரூம்ல நிக்குது. மிதிச்சா ஓடும்."

என் ரயில்!

"தையல் பிரிச்சதே தெரியலையே! யாருடி சொல்லிக் குடுத்தா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "கல்யாணமான புதுசுல ஒருத்தர், கையப் புடிச்சு."

"நான் இத்தனை நாள் வெறும் பஞ்சுலயா தூங்கினேன்?"

"பணம் எடுத்த அன்னிக்குத்தாங்க நல்லாக் குறட்டை விட்டீங்க."

மெத்தை ஆர்டர் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் வளர்வது எந்த அறிவிப்புக்கும் நிற்பதில்லை. சட்டைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் அவளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன். நேற்று கூலி கேட்டேன்.

"மேல என்ன சொல்வாங்களோ," என்றாள். "பணம் என் கையிலயே இருக்கட்டும்ங்க."