ராஜபாளையத்துக் குழந்தைகள் விஷயமாக

ஸ்ரீவில்லிபுத்தூர்,
மார்கழி 19, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஹயக்ரீவனுக்கு மாமனார் நம்பி எழுதிக்கொண்டது. ஆண்டாள் அநுக்ரஹத்தில் நீங்களும் பங்கஜவல்லியும் குழந்தைகள் இருவரும் அந்த வடக்கத்திக் குளிரில் காது மூக்கு மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் மாமியார் அம்புஜவல்லி க்ஷேமம். கொல்லையில் தென்னை க்ஷேமம். அடுத்தாத்து ஸாவித்ரி மாமியின் பசு முன்னைக் காட்டிலும் க்ஷேமம். நானும் செவ்வாய்க்கிழமை நீங்கலாக மற்ற நாட்களில் க்ஷேமந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு வந்தபோது எங்களுக்கு வேஷ்டி புடவையோடு இரண்டு தகர டப்பாவும் கொண்டுவந்தீர்கள். புடவையைப் பற்றி அம்புஜவல்லி தனியாக எழுதுவாள். கலர் பற்றி ஏதாவது எழுதினால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். டப்பா சமாசாரம் என்னுடையது. சாப்பிட்டுக் கையலம்பினதும் என்னைத் தனியாகக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், நீங்கள் ஆராய்ச்சி செய்வது மாட்டைப் பற்றி இல்லை, பன்றிக்குட்டியைப் பற்றி என்று சொன்னீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. கால்நடை ஆராய்ச்சி என்று ஜாதகத்தோடு வந்தபோது பசு என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். தெருவிலும் அப்படியே சொல்லி வைத்தோம். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற வழியில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சோலைராஜ் என்பவர் வெள்ளைப் பன்றி வளர்க்கிறார், பால் மறந்த குட்டிகள் தீனியில் தேறவில்லை என்று உங்கள் நிலையத்துக்கு எழுதியிருக்கிறார், மாமனார் ஊர்ப் பக்கமாயிற்றே என்று நீங்களே பொறுப்பு எடுத்துக்கொண்டீர்கள் என்றெல்லாம் அங்கேதான் தெரிந்தது. ஒரு டப்பாவில் துத்தநாகம் தூக்கலாகச் சேர்த்த தாது உப்பு. இன்னொன்றில் என்சைம், நல்ல தமிழில் நொதி. தவிட்டில் சத்து இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது, குட்டி வயிற்றில் அதற்குச் சாவி கிடையாது, இந்தப் பொடிதான் சாவி என்றீர்கள். காலமெல்லாம் மில்லில் ஸ்டோர்கீப்பராக இருந்தவனுக்கு இதைவிடப் புரிகிற மாதிரி யாரும் சொல்ல முடியாது. பிறகு, "டப்பா ரெண்டும் ஈரம் படாம உங்காத்துலயே இருக்கட்டும், வாரா வாரம் நீங்களே நிறுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கோ, உங்க கை தராசு மாதிரி" என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்.

மறுநாள் நீங்கள் மதுரை பஸ் ஏறினீர்கள். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முக்கியமான விஷயம் ஒன்றை மறந்துவிட்டவர் மாதிரி என்னவோ கத்தினீர்கள். நீங்கள் சொன்னது, "சுண்ணாம்பு கூடக் கூடாது, கூடினால் தோல் போய்விடும்" என்று இப்போது தெரிகிறது. அந்த டிரைவர் சரியாக நடுவில் ஹார்ன் அடித்தான். என் காதில் விழுந்தது, "சுண்ணாம்பு கூடக் கூட... தோல்..." என்பதுதான். சுண்ணாம்பு கூடக் கூடத் தோல் நன்றாக இருக்கும் என்று நான் முடித்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் முடித்திருப்பார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை பொட்டலங்களைப் பையில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்தால், பக்கத்து ஸீட்டில் ஸாவித்ரி மாமி. "என்ன மாமா, பையில என்னமோ மணக்கறதே" என்றாள். மாப்பிள்ளை கொடுத்த மருந்து, மாட்டுக்கு என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும். மாமியின் பசு அப்போது சுவரை நக்கிக்கொண்டும், கொடியில் காய்கிற வேஷ்டிகளைத் தின்றுகொண்டும் இருந்த சமயம். மறுநாள் காலை கிண்ணத்தோடு வந்து நின்றாள். நொதியைக் கொடுக்கவில்லை, தாது உப்பில் கொஞ்சம் கொடுத்தேன். அந்தப் பசு ஒரே வாரத்தில் வேஷ்டியை மறந்துவிட்டது. பாலும் கூடிவிட்டது. அதன் பிறகு தெருவில் மாடு வைத்திருக்கிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். உங்கள் மாப்பிள்ளை மாதிரி உண்டா என்று ஒவ்வொருவரும் சொல்லும்போது கை தானாகவே டப்பாவுக்குள் போய்விடுகிறது. தராசு கைதான், ஆனால் முகஸ்துதிக்குத் தட்டு கொஞ்சம் சாய்கிறது.

ஆக, ராஜபாளையத்துக்குத் துத்தநாகம் பாதிதான் போயிற்று. சுண்ணாம்போ இரண்டு பங்கு போயிற்று. சோலைராஜின் மனைவி வெள்ளைத்தாய் நான் சுண்ணாம்பைக் கூட்டச் சொன்னதைக் கேட்டுச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். "இப்பமே கிளிஞ்சப் பொடி ஒரு கை போடுதோம் சாமி. இன்னும் போடணுமா?" என்றாள். டாக்டரே சொல்லிவிட்டார், எலும்பு வளர்கிற வயசு என்று நான் அடித்துச் சொன்னேன். அவளும் போட்டாள். செவ்வாய்க்குச் செவ்வாய் போகிறேன், குட்டிகளின் தோல் காய்ந்த வரப்பு மாதிரி வெடித்துக்கொண்டே வருகிறது. காதோரம், வயிற்றடி, கால் என்று பொருக்குத் தட்டிப்போய், தொட்டால் சொரசொரவென்கிறது. பேதி வேறு. நான் போனால் தொட்டியடிக்கு ஓடி வந்து முட்டிக்கொள்கிறவை, மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன. இருக்கிறதிலேயே சின்னது ஒன்று தப்பவில்லை. வெள்ளைத்தாய் அதை ஒரு சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போனபோது நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சோலைராஜ்தான் பேசினார். "நான் இத எல்லாத்தையும் குடுத்துட்டு மதுரைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போறேன் சாமி. பட்டாளத்துல கோவேறு கழுதைய பனி மலையில ஏத்தி எறக்கினவன் நான். இந்தக் குட்டியளக் கரையேத்த முடியல" என்றார். ஓடையிலிருந்து திரும்பி வந்த வெள்ளைத்தாய், "போறவிய போங்க. பத்துக் குட்டி கெடக்கு, நான் எங்கயும் வரல" என்று சொல்லிவிட்டுத் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.

அதனால்தான் மறுநாள் காலை உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் அந்தப் பக்கம் இருந்தீர்கள். இந்தப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. தேரடியில் முத்துவீரனின் எஸ்.டி.டி. பூத்தில் மின்விசிறி ஓடாது, அதனால் கண்ணாடிக் கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே வைத்திருப்பான். வெளியே எனக்கு அடுத்தபடியாக ஸாவித்ரி மாமியும், கோயிலில் கணக்கு எழுதுகிற சம்பத்குமாரும். அவர்கள் காதுபட அந்தப் பிராணியின் பேரை எப்படிச் சொல்வது. "குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லை மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தேன். "எந்தக் குழந்தைகள்? ரெண்டும் இங்கேதானே விளையாடிண்டிருக்கு" என்று பதறினீர்கள். "அந்தக் குழந்தைகள் இல்லை, ராஜபாளையத்துக் குழந்தைகள்" என்றேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது, மேலே கேட்டுக்கொண்டே போனீர்கள். லைன் சரியில்லாததால் நான் ஒவ்வொன்றுக்கும் உரக்கப் பதில் சொன்னேன். பதினொன்றில் ஒன்று போய்விட்டது என்றேன். எல்லாம் ஒரே தாய்தான் என்றேன். தாய்க்கு ஒரு குறையும் இல்லை, பால் மறக்கடித்து மாசத்துக்கு மேல் ஆகிறது என்றேன். நான் வாரா வாரம் போய்ப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், ஆத்தில் இன்னும் சொல்லவில்லை என்றேன். சொல்லிவிட்டுத் தற்செயலாகத் திரும்பினால், சம்பத்குமார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. அப்போதுதான் என் வாயிலிருந்து வந்ததெல்லாம் வெளியே எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. அதனால்தான் திடீரென்று "பன்றி, பன்றி" என்று கத்தினேன். மாமனார் என்னை ஏன் அப்படித் திட்டினார் என்று பங்கஜவல்லியிடம் கேட்டீர்களாம். அது உங்களைச் சொன்னதில்லை. சம்பத்குமாருக்குச் சொன்னது. அதாவது, அவரைச் சொன்னதும் இல்லை.

ஸாவித்ரி மாமி அதைக் கேட்கவில்லை. முதல் பாதியோடு எங்கள் ஆத்துக்குக் கிளம்பிவிட்டாள். நான் போய்ச் சேருவதற்குள் அம்புஜவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்கோங்கோ மாமி, மாமாவுக்கு ராஜபாளையத்துல ஒரு குடும்பம் இருக்கு, பத்துக் குழந்தைகள்" என்று சொல்லியாகிவிட்டது. அதற்கு உங்கள் மாமியார், "அவருக்கா? ஒரு குடும்பத்துக்கே ஒழுங்காக் கத்திரிக்காய் பொறுக்கி வாங்கத் தெரியாது. பத்துக் குழந்தையை வெச்சுண்டு என்ன பண்ணுவார்" என்று சொல்லிக்கொண்டே அரிசி களைந்தாளாம். என் மேல் அவளுக்கு இருக்கிற நம்பிக்கையை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது; அந்த வாக்கியத்தை மறுபடி நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது.

நான் உள்ளே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் உத்தியோகம், டப்பா, சுண்ணாம்பு, செத்துப்போன குட்டி வரை. அம்புஜவல்லி களைந்த அரிசியை அடுப்பில் ஏற்றினாள். பிறகு, "பன்னிதானா? இதுக்கா இத்தனை நாளா முகத்தைத் தூக்கி வெச்சுண்டிருந்தேள்? பூமிப்பிராட்டியைத் தூக்கிண்டு வரப் பெருமாள் என்ன ரூபம் எடுத்தார்னு இந்த ஊர்ல பிறந்தவருக்கு நான் சொல்லணுமா?" என்றாள். ஸாவித்ரி மாமிக்குத்தான் வேறு கவலை. "அப்போ என் பசு தின்னது?" என்று தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உங்க பசு யார் வேஷ்டின்னு பார்த்தா தின்னுது? தாது உப்புக்கு மட்டும் எதுக்கு ஆசாரம்?" என்றாள் அம்புஜவல்லி. மாமி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் கொல்லைப் பக்கமாகக் கிண்ணம் வந்தது. கொடுக்கவில்லை. மாட்டாஸ்பத்திரியில் கேளுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

போன் செய்த அன்றைக்கு மத்தியானமே ராஜபாளையம் போனேன். அம்புஜவல்லிதான் சாப்பிடக்கூட விடாமல் விரட்டினாள். போனில் நீங்கள் சொன்ன மாதிரி, சுண்ணாம்பு மிஞ்சினால் அது துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாது, பொருக்குத் தட்டினதெல்லாம் அதனால்தான், கிளிஞ்சல் பொடியை உடனே நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். ஹார்ன் அடித்ததையும் சொன்னேன். தெரு மாடுகளுக்குத் தாது உப்பு போனதையும் சொன்னேன். சோலைராஜ் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெள்ளைத்தாய் ஒரு குட்டியைத் தூக்கி மடியில் போட்டுப் பொருக்கில் எண்ணெய் தடவிக்கொண்டே, "ஒங்க மருமவன் குட்டி வயித்துக்கு ஒரு சாவி குடுத்தாவியல்ல, மாமனார் காதுக்கும் ஒண்ணு செஞ்சு அனுப்பச் சொல்லுங்க சாமி" என்றாள். சோலைராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கே ஆச்சரியம். அளவு குறையாமல் நானே நிறுத்துக்கொண்டு போனேன். முதலில் பேதி நின்றது. அடுத்த வாரம் காதோரத்தில் பொருக்கு செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் ரோஜா நிறத்தில் புதுத் தோல் தெரிந்தது. போன செவ்வாய்க்கிழமை சோலைராஜ் ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுத் தராசில் தொங்கவிட, நான் எடை சொல்ல, சாக்குக்குள்ளிருந்து அவை போட்ட கூச்சல் அய்யனார் கோவில் அருவி வரை கேட்டிருக்கும். தீனித் தொட்டி கழுவின மாதிரி காலி. வாட்ச்மேன் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது கெடக்குது சாமி. கொட்டிலுக்குக் கூர மாத்தணும், அத யாரு பாக்கது" என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, என் வேலை முடிந்தது. வயசானவன் மார்கழி மாசத்தில் கோயிலில் நிற்க வேண்டியவன், பன்றிக் கொட்டிலில் நின்றுவிட்டு வந்து இரண்டு வேளை தீர்த்தமாட முடியவில்லை. போன வாரம் பெருமாள் சன்னிதியில் பிரசாதத்துக்குக் கை நீட்டினால், பட்டர் பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு, "ராஜபாளையத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரிக்கிறார். நாளையிலிருந்து நான் போவதாக இல்லை. இனிமேல் டப்பாவை நேரே சோலைராஜ் விலாசத்துக்குப் பார்சலில் அனுப்பிவிடுங்கள். இதில் மறுபேச்சு வேண்டாம். பங்கஜவல்லிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் ஆராய்ச்சி மேலும் மேலும் ஓங்கட்டும். அது எதைப் பற்றி என்று இனி ஊரில் தைரியமாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் சோலைராஜ் சைக்கிளிலேயே வந்து வாசலில் நிற்கிறார். இன்னொரு தாய்ப்பன்றி விடியற்காலையில் குட்டி போட்டிருக்கிறதாம், சாமிக்கு முதல்ல சொல்லணும்னு வெள்ளைத்தாய் அனுப்பினாளாம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்புஜவல்லி உள்ளேயிருந்து, "எத்தனை?" என்றாள். பனிக்குக் குட்டிகள் தாங்காது என்று என் பழைய வேஷ்டிகளைக் கிழித்து மூட்டை கட்டிவிட்டாள். இருவரும் ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். மேலே பார்சலைப் பற்றி எழுதினதை அடித்துவிடுங்கள். டப்பா எங்கள் விலாசத்துக்கே வரட்டும், இந்தத் தடவை பெரியதாக.

இன்னொன்று. பிள்ளை பெற்றவளைப் பார்க்க வெறுங்கையோடு போவதாவது என்று உங்கள் மாமியார் அடுப்பில் சுக்கு, திப்பிலி, வெல்லம், நெய் எல்லாம் போட்டுப் பிரசவ லேகியம் கிண்டிக்கொண்டிருக்கிறாள். பங்கஜவல்லிக்குச் செய்த அதே பக்குவமாம். அது பன்றிக்கு ஆகுமா, ஆகாதா என்று உடனே தந்தி கொடுக்கவும். ஆகாது என்றால் தந்தியை அவள் பேருக்கே கொடுக்கவும். நான் சொல்வதாக இல்லை.