மணல் டயரும் மாப்பிள்ளை வீட்டாரும்

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு டயரைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையால் என் தங்கையின் கல்யாணம் சேற்றில் புதைய இருந்தது.

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிறது. தார் ரோடு ரப்பர் பெக்டரியோடு முடிந்துவிடும். அங்கிருந்து எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயம் வரைக்கும் செம்மண் ஏற்றம். மழை பெய்தால் அது ரோடு இல்லை, குழைத்து வைத்த களி. தங்கை சுகந்தியைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அந்த ஏற்றத்தைப் பார்த்ததும், "இன்னொரு நாளைக்கு வர்றோம்" என்று வேனைத் திருப்பிக்கொண்டு போயின. அந்த இன்னொரு நாள் இன்னும் வரவில்லை.

அடுத்து நிவித்திகலயிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகத் தகவல் வந்தது. "இந்தத் தடவ ரோட்ட நான் பாத்துக்கிறேன்" என்று வீட்டில் அறிவித்தேன்.

அப்போது நான் கேகாலையில் ஒரு போன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். என்னிடம் ஒரு பழைய டர்ட் பைக் இருந்தது. கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம் டயர் வீடியோ பார்த்து ஞானம் பெற்றேன். இறுகிய தரைக்குக் குட்டையான, நெருக்கமான பற்கள் உள்ள டயர். சேற்றுக்கு உயரமான, இடைவெளி விட்ட பற்கள். இடைவெளி இருந்தால்தான் சேறு அப்பிக்கொள்ளாமல் உதிருமாம். கல்லும் மண்ணும் கலந்த பாதைக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

ஆனால் டயர் கடையில் சேற்று டயர் இல்லை. மணலில் ஓட்டுகிற டயர்தான் இருந்தது. பற்களுக்குப் பதிலாகத் துடுப்பு மாதிரி ரப்பர் தகடுகள். பார்க்கவே மிரட்டலாக இருந்தது. மணலும் மெத்து, சேறும் மெத்து, அப்புறம் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். (யோசித்தேன் என்பது எனக்கு நானே கொடுக்கும் மரியாதை.) பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டு, தார் ரோடு நெடுக உடம்பு உதற உதற வீடு வந்து சேர்ந்தேன்.

"என்னாடா இது, தண்ணி எறைக்கிற சக்கரமா?" என்றார் அப்பா.

"ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காதுப்பா."

அவர்கள் வருகிற அன்று விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. வேன் பெக்டரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. டிரைவர் ஏற்றத்தைப் பார்த்து, "யன்ன பே, மல்லி" என்று, போக முடியாது என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தார். மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் நடக்கத் தயாராக இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி.

"நீங்க கவலப்படாதீங்க மாமா. அத்தைய நான் ஏத்திட்டுப் போயிர்றேன்" என்றேன்.

"இவ்வளவு ஒசரத்துல எப்படி தம்பி ஏறுறது?" என்றார் அத்தை. மகனும் கணவரும் சேர்ந்து அவரைத் தூக்கி, பட்டுச் சேலையோடு என் பின்னால் உட்கார வைத்தார்கள். அவர் குடையை ஒரு கையிலும் என் சட்டைக் காலரை மறு கையிலும் பிடித்துக்கொண்டார்.

முதல் வளைவிலேயே வண்டி நின்றது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை.

"கொஞ்சம் தள்ளிவிடுங்க மாமா!"

மாமா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று கை கொடுத்தார். நான் முழு மூச்சாக முறுக்கினேன். அந்தத் துடுப்புகள் தங்கள் கடமையைச் செய்தன. மலையையே அள்ளிப் பின்னால் வீசின. வண்டி மட்டும் முன்னால் போகாமல் கீழே போனது. அத்தையின் கால் தரையைத் தொடும் வரைக்கும் இறங்கியது. அவர் சிரமமே இல்லாமல் இறங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

தலை முதல் கால் வரை சிவப்பாக இரண்டு உருவங்கள் நின்றன. கண்கள் மட்டும் திறந்து மூடின.

"ஐயோ, இதுல எது புருஷன், எது மகன்?" என்றார் அத்தை.

நான் அந்தக் குழியிலேயே என்னையும் புதைத்துவிடலாம் என்று பார்த்தேன். மழையில் எல்லோரும் நடந்தே மேலே போனோம், அத்தை என் தோளைப் பிடித்தபடி. குங்குமத் தட்டோடு வாசலில் நின்ற அம்மா, சம்பந்தியைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாளியைத் தேடி ஓடினார். சுகந்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அண்ணன் என்ற உறவே அதில் முடிந்துபோனது.

"போச்சுல்ல? சந்தோஷமா?" என்றாள், என் காதுக்கு மட்டும்.

லயத்துக்குப் பின்னால் போய், காலில் ஏறிய அட்டைகளைக்கூட பிடுங்காமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மாமாவும் மாப்பிள்ளையும் குளித்து, என் அப்பாவின் சாரங்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கிளம்ப வழியில்லை. உடுப்பு காயவேண்டும், மழையோ விடவில்லை. சோறு சாப்பிட்டார்கள். மறுபடி தேத்தண்ணி குடித்தார்கள். பேச்சு நீண்டது. பைப்படியில் சேற்றுச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சுகந்தியிடம் மாப்பிள்ளை வந்து, "கறை போகுமாங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"போகாதுங்க. கல்யாணத்துக்குப் புதுசா எடுத்துக்கங்க" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் போட்டோக்காரர், பெண்ணின் அண்ணன் என்பதால் என்னை முன்வரிசைக்கு அழைத்தார். உடனே மாமா கையைத் தூக்கினார். "வேணாங்க! தம்பிக்குப் பின்னால நாங்க நிக்க மாட்டோம்."

அந்தக் குடும்பத்து ஆல்பம் எதைத் திறந்தாலும், நான் கடைசி வரிசையில், சுவரோடு சுவராக நிற்கிறேன்.