மலைக்கு முதுகு காட்டியவன்

ஐயா, ஒருவரும் பார்க்காதபோதும் நீங்கள் யோக்கியர்தானா? மார்பில் கை வைத்துச் சொல்லுங்கள். நான் வைத்த கையை எடுத்துவிட்டே இதை எழுதுகிறேன்.

சிவகாசி மிஷன் பள்ளியில் நீதிபோதனை வகுப்பு நடத்தும் நேசகுமார் நான். சென்ற ஆனியில், காலண்டர் அச்சிடும் பலவேசம், அசலான மலைக்காட்சி ஒன்றைப் படம் பிடித்துத் தந்தால் 1962ஆம் ஆண்டுக் காலண்டரில் போட்டு, கீழே என் பெயரையும் அச்சிடுவதாகச் சொன்னார். பல்லாயிரம் சுவர்களில் என் பெயர்! உடனே தீர்மானித்தேன்: மேற்கு மலையில் மூன்று நாள், கூடாரம் அடித்து, தன்னந்தனியாக.

என் மனைவி ஜெயசீலி ஆஸ்பத்திரி நர்ஸ். தானும் வருவதாகச் சொன்னாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் சாத்தூரைத் தாண்டி அவளை நான் எங்கும் அழைத்துப் போகவில்லையாம். நான் தனிமையின் மகிமையை விளக்கினேன். தீர்க்கதரிசிகள் பெண்டாட்டியோடா மலையேறினார்கள் என்று கேட்டேன்.

"போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான். அன்பர்களே, சுலபமாகக் கிடைத்த சம்மதத்தை ஒருபோதும் நம்பாதீர்கள்.

மலையில் நான் வாசம் செய்தது இரண்டரை மணி நேரம். அட்டைகள் என் காலைப் பிடித்தன. குரங்குகள் கட்டுச்சோற்றைப் பிடித்தன. கூடாரத்தின் பின்னே ஆவி பறக்கும் யானை லத்தியைக் கண்டதும் நான் பஸ்ஸைப் பிடித்தேன். படம்தான் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போக முகமில்லை. விருதுநகரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஆரோக்கியத்தின் வீட்டில் மூன்று நாளும் ஒளிந்திருந்து தோசை தின்றேன். அவருடைய ஸ்டூடியோவில் ஒரு திரை உண்டு. மலை, அருவி, மூங்கில் புதர் எல்லாம் துணியில் வரைந்தவை. புரிந்துகொண்டிருப்பீர்கள். திரையின் ஓரம் தெரியாதபடி வெகு நுட்பமாக எடுத்தேன்.

நான்காம் நாள் படத்தைக் கண்ட ஜெயசீலி, அருவி எம்புட்டு உயரம் என்று கேட்டாள். இருநூறு அடி என்றேன். தண்ணீர் குளிருமா என்றாள். பல் கிட்டிப்போகும் என்றேன்.

மாலையில் பலவேசம் வந்தார். வரச் சொன்னவள் அவள். படத்தைப் பார்த்து அவர் உருகிக்கொண்டிருக்கையில், எங்கள் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்கன பாருங்க அண்ணாச்சி. அதே அருவி, அதே மூங்கில். கல்யாணத்தன்னைக்கு நாங்க அம்புட்டு உசரம் ஏறியிருக்கோம். எனக்குக் காலே வலிக்கல."

பலவேசம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "வாத்தியாரையா, என் காலண்டர வாங்குறவுகள்ல பாதிப் பேரு இந்தத் திரைக்கு முன்னால நின்னவுகதான்."

மணநாளில் அந்த மலைக்கு முதுகைக் காட்டி நின்றவன் நான். அந்தப் போட்டோவைத் தினமும் துடைத்தவள் அவள். யானை உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

ஜெயசீலி கோபிக்கவில்லை. "ரெண்டு நாள் லீவு போட்டாச்சு. நெசமான மலைக்குப் போவோம். படத்த நான் பிடிக்கேன். நீங்க பானையத் தூக்கிட்டு வாங்க. யானை வந்தா நீதிபோதனை நடத்துங்க."

படத்துக்குக் கீழே போட வேண்டிய பெயரைப் பலவேசம் அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டார்.

ஆகவே, கணவன்மாரே, உங்கள் பொய் எதுவானாலும் இந்தப் பக்கத்தை மூடியவுடன் எழுந்து போய் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். இன்றே சொல்லுங்கள், நாளைக்கென்று தள்ளாதீர்கள். அவளுக்கு அது நேற்றே தெரியும்.